நெவ்ரா ஏன் கதவடைத்தாள், மதினி?

என்னோடு வாதாடுவதற்கென்றே எங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த என் அருமை மதினிக்கு,

கதை முடிந்துவிட்டது. "ஏழாம் மதில்" தொடரின் கடைசிப் பாகம் வந்து, பார்த்தும் தீர்த்துவிட்டோம். நெவ்ரா செத்துப்போனாள். ஏன் கதவடைத்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் செத்துப்போனாள். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உலையை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன்; வாசலில் எதற்கு நிற்கிறேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். சோறு குழைந்து கிடக்கிறது. வினோ முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்கிறாள்.

உங்கள் ரசிகர் குழுப் பிள்ளைகள் உங்கள் நினைவாக, உங்களைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். உங்களைப் பற்றி என்னத்தை எழுத? ஐந்தாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தூக்கினவள் நான். எனக்கு உங்களோடு பேசத்தான் தெரியும். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன், அவர்களும் வாசித்துக்கொள்ளட்டும். பேத்தி வினோ எழுத்துப் பிழை மட்டும் பார்ப்பாள். என் கோபத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

முதலில் சேதி. அக்கா பாரிசவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டாள். நாவலப்பிட்டியில், மகள் சாந்தி வீட்டில் கிடக்கிறாள். பேச்சுப் போய்விட்டது. என்னை வந்து பார்க்கச் சொல்கிறார்கள். போவதா, வேண்டாமா? நெவ்ராவுக்கும் என் அக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று குழுவில் கேட்பார்கள். உங்களுக்கு அது எப்போதோ தெரியும். எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

அண்ணன் போன பிறகு நீங்கள் தெல்தோட்டையை விட்டு, கட்டுகஸ்தோட்டையில் எங்களோடு இருக்க வந்தீர்கள். அழுதுகொண்டே இருந்தீர்கள். உங்கள் அழுகையை நிறுத்தத்தான் வினோ அந்தத் தொடரைப் போட்டாள், தமிழில் குரல் கொடுத்தது. நான் பார்த்தேன். தாடி, குதிரை, பனி, மறுபடியும் தாடி. தூங்கிவிட்டேன். நீங்கள் தூங்கவில்லை. ஒரு வாரம் போகவில்லை, தியரி சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள்.

ஒற்றைக்கண் மந்திரி காரோ இளவரசனின் பாலில் விஷம் கலந்தான். குழுவே அவனைக் காறித் துப்பியது. நீங்கள் மட்டும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு யோசித்தீர்கள்.

"கொல்லணும்னா ஒரே நாள்ல கொன்னிருப்பானே பாக்கியம். எதுக்கு இம்புட்டு இம்புட்டா ஊத்துறான்? பிள்ளைக்கு விஷத்தைப் பழக்குறான். வேற எவனோ வைக்கப்போறான், அது இவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

வினோ அதை உங்கள் குரலிலேயே பதிந்து குழுவில் போட்டாள். கனடாவிலிருந்து ஒருவன், "அன்ரி, இது சின்னப் பெடியளின்ட கதை. நீங்கள் தேவாரம் படியுங்கோ" என்று எழுதினான். அவன் பேரும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவன் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடிப் படமும் ஞாபகம் இருக்கிறது. நீங்கள் கோபப்படவே இல்லை. "தேவாரம் படிச்சாச்சு தம்பி. அதுலயும் அரக்கனுக்கு அருள் கெடைக்குது" என்று பதில் அனுப்பினீர்கள். அடுத்த பாகத்தில் காரோ விஷயம் நீங்கள் சொன்னபடியே நடந்தது. திகனையில் போன் கடை வைத்திருக்கும் ரிஸ்வான் தம்பிதானே குழுவின் தலைவர், அவர் அன்றைக்கு அனுப்பிய குரலை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். "மாமி, ஒங்கட மண்டைய மியூசியத்துல வெக்கோணும்!"

எல்லாத் தியரியும் பலித்துவிடவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன பனித்திருடன் அவர்களைப் பலியிலிருந்து காப்பாற்றத்தான் ஒளித்து வைக்கிறான் என்று சாதித்தீர்கள். அவன் விற்றுவிட்டான். அன்றைக்கு நீங்கள் சாப்பிடவில்லை. "எமனுக்கும் ஒரு நியாயம் கண்டுபிடிப்பீங்க, இல்ல?" என்று நான் குத்தினேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவனுக்கும் வீட்டுல என்ன கஷ்டமோ" என்றீர்கள்.

பிறகுதான் படைத்தலைவி நெவ்ரா வந்தாள்.

சாம்பல் மிருகங்கள் ஆற்றங்கரை ஊர்களை எரித்துக்கொண்டு வருகின்றன. சனம் ஓடிவந்து ஏழாம் மதிலின் கதவைத் தட்டுகிறது. நெவ்ராவின் படைக்குச் சோறு போட்டு வளர்த்த சனம். அவள் மேலே நின்று பார்க்கிறாள். இறங்கி வருகிறாள். தன் கையாலேயே தாழ்ப்பாளைப் போடுகிறாள். போட்டுவிட்டு ஒரே ஒரு சொல் சொல்கிறாள். "பாவம்."

அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு சண்டை! "ஐயோ பாவம்னு இரக்கப்படுறா, மனசு கெடந்து அடிச்சுக்குது" என்றீர்கள் நீங்கள். "இரக்கமும் இல்ல, ஒன்னும் இல்ல. அதுக பாவம் செஞ்ச சனம், கெடந்து சாகட்டும்ங்கிறா" என்றேன் நான். தான் செய்வது பாவம் என்று தெரிந்தே செய்கிறாள் என்றாள் வினோ. குழுவும் மூன்றாகப் பிளந்தது. நம்மோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சோமா அக்காவுக்குத் தமிழ் அரைகுறை. என்ன சொன்னாள் என்று கேட்டாள். நீங்கள் "பவ்" என்று சிங்களத்தில் சொன்னீர்கள். அவள் நாக்கைச் "சு, சு" என்று கொட்டி, "அனே, பவ்!" என்றாள், நம் "ஐயோ பாவம்" மாதிரி.

"அந்தப் பவ் இல்ல சோமா அக்கா. பன்சலையில ஹாமுதுரு சொல்ற பவ்" என்று, விகாரையில் பிக்கு சொல்லும் பாவத்தைக் காட்டி, நான் திருத்தினேன்.

அவள் சிரித்துவிட்டாள். "ரெண்டும் ஒரு பவ் தானே, பாக்கியம்?"

இரண்டு பாஷையிலும் இரக்கத்துக்கும் குற்றத்துக்கும் ஒரே சொல்லை வைத்தவன் எவன் மதினி? அவன் கையில் கிடைத்தால் கேட்பேன்.

நீங்கள் விடவில்லை. நெவ்ராவைப் பற்றி மட்டும் வருடக்கணக்காகத் தியரி சொன்னீர்கள். "கமரா கதவுக்கு வெளியிலயே நிக்குது, பார்த்தியா? உள்ளுக்கு அவ பின்னால யார் நின்னான்னு காட்டவே இல்ல. காட்டாத எடத்துலதான் காரணம் இருக்கும். அவ பிள்ளை கழுத்துல யாரோ கத்திய வச்சுக்கிட்டு நின்னிருக்கான் பாக்கியம்."

"கத்தி இருந்தா, 'ஓடிப் போங்க'ன்னு அவ கத்தியிருக்கலாமே!"

"கத்தினா உள்ள இருக்கிற பிள்ளை போயிருமே."

நான் டீவியை அணைத்துவிட்டு எழுந்து போனேன். வினோவுக்கு ஒன்றும் புரியவில்லை. பனியும் குதிரையும் உள்ள கதைக்கு அவள் அம்மாயி நான் ஏன் இப்படி எழுந்து போகிறேன் என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது. இப்போது சொல்கிறேன், குழுவும் கேட்டுக்கொள்ளட்டும்.

தமிழ்ச் சனத்தை அடித்து எரித்த அந்தக் கலவர வருடம் நாங்கள் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் வேலைக்கு வெளியூர் போயிருந்தார். எங்கள் லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள். வினோவின் அம்மா மலர் அப்போது கைக்குழந்தை. அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரயில் பாதையோரமாக ஓடி, அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். அத்தானுக்கு ரயில்வேயில் வேலை. நல்ல வீடு, கெட்டிக் கதவு.

"யாரு?"

"நான்தான் அக்கா. பாக்கியம். பிள்ளையோட நிக்கிறேன்."

காலடிச் சத்தம் கதவு வரைக்கும் வந்தது. நின்றது. அவள் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது. பிறகு மேல் தாழ்ப்பாள் விழுந்தது. அதுவரை கீழ்த் தாழ்ப்பாள் மட்டும்தான் போட்டிருந்தாள். வந்திருப்பது நான் என்று தெரிந்த பிறகுதான் மேலதையும் போட்டாள்.

மழையில் தேயிலைச் செடிகளுக்கு அடியில் கிடந்தோம். மலருக்குக் காய்ச்சல் வந்தது. உயிர் தங்கியது, இடது காது போய்விட்டது. இன்றைக்கும் யாராவது இடப்பக்கம் நின்று பேசினால் அவள் முழு உடம்பையும் திருப்புகிறாள். அவள் திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்தத் தாழ்ப்பாள் எனக்குள் விழுகிறது. ஊர் அடங்கிய பிறகு அக்கா ஆள் அனுப்பினாள், பலகாரம் அனுப்பினாள், மலர் கல்யாணத்துக்குச் சேலை அனுப்பினாள். சேலையைத் திருப்பி அனுப்பினேன். பலகாரத்தை நாய்க்குப் போட்டேன். நாய்கூட மோந்து பார்க்கவில்லை என்று சொல்லி அனுப்பினேன். அந்த நாய் தட்டோடு நக்கித் தின்றது உங்களுக்குத் தெரியும். அக்கா பேரை எவராவது எடுத்தால் இந்த வீட்டில் உலை வைக்க மாட்டேன் என்றேன். நீங்கள் வந்து சேர்ந்த முதல் நாளே உங்களிடமும் அதைச் சொன்னேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். அந்தத் தலையாட்டலை நம்பினேன் பாருங்கள்!

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது நீங்கள் அந்தப் பேச்சை மீறினீர்கள். "ஒரு தரம் அவளைப் போய்ப் பாரேன் பாக்கியம்." சாகக் கிடக்கிறவரிடம் சண்டை போடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "நெவ்ரா ஏன் கதவடைச்சான்னு கதையில சொல்லட்டும் மதினி. நியாயமான காரணம் இருந்தா, அன்னைக்கு நானும் நாவலப்பிட்டிக்குப் போறேன்" என்றேன். உங்கள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நீ போயிருவே. எனக்குத் தெரியும்" என்றீர்கள். கடைசிப் பாகத்தை எழுதியவர்களே உங்கள் காதில் வந்து சொன்ன மாதிரி அவ்வளவு உறுதியாகச் சொன்னீர்கள்.

அதற்காகத்தான் கடைசிப் பாகத்தைக் கண் கொட்டாமல் பார்த்தேன். வினோவுக்குச் சிரிப்பு. "தாடி வந்தா தூங்குற அம்மாயி இன்னைக்கு நிமிர்ந்து உக்காந்திருக்கு!" நெவ்ராவை இழுத்து வந்து சபை நடுவில் நிறுத்தினார்கள். ஏன் கதவடைத்தாய் என்று நீதிபதி கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். எங்கிருந்தோ ஓர் அம்பு வந்தது. அவ்வளவுதான்.

குழுவில் தீப்பிடித்த மாதிரி கூச்சல். பாதிப் பேர் எழுதியவர்களைத் திட்டினார்கள். அந்தக் கறுப்புக் கண்ணாடிக் கனடாக்காரன்கூட, "அன்ரி இருந்திருந்தா இதுக்கும் ஒரு காரணம் சொல்லியிருப்பா" என்று எழுதினான். கொஞ்சம் மனம் இளகியது. கொஞ்சம்தான்.

அடுத்த நாள் ரிஸ்வான் தம்பி ஒரு குரல் அனுப்பினார். "மாமிட ஞாபகமா பழைய கேட் சீன ஒரிஜினல் இங்கிலிஷ்ல போட்டுக் கேட்டேன். திருப்பித் திருப்பிக் கேட்டேன். அதுல அந்தச் சொல்லே இல்ல. 'பாவம்' எண்டு அவ சொல்லவே இல்ல. ஒரு மூச்சு மட்டும் விடுறா. ஒன்டும் சொல்லல்ல."

கேட்டீர்களா மதினி? ஒரு மூச்சு. வாய் அசைந்த இடத்தைச் சும்மா விட மனமில்லாமல், தமிழில் குரல் கொடுத்த யாரோ ஒருத்தி "பாவம்" என்ற சொல்லைப் போட்டிருக்கிறாள். அதை வைத்துக்கொண்டுதான் நாம் இத்தனை வருடம் அடித்துக்கொண்டோம்.

நான் ஜெயித்துவிட்டேன், இல்லையா? காரணம் சொல்லப்படவில்லை. நாவலப்பிட்டிக்குப் போக வேண்டியதில்லை. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மூச்சு என்னைப் படுத்துகிறது. அதே மாதிரி ஒரு மூச்சைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டவள் நான். அந்த மூச்சுக்கு நான் என்ன சொல்லைப் போட்டேன்? "செத்துத் தொலை" என்று போட்டுக்கொண்டேன். அவளா சொன்னாள்?

இந்தக் குழப்பத்தில் இருக்கும்போதுதான் நாவலப்பிட்டியிலிருந்து சாந்தி போன் எடுத்தாள்.

"சின்னம்மா, அம்மாவுக்கு வாய் வரல்ல. ஒரே ஒரு சொல்லுதான் வருது. உங்க பேரைச் சொன்னா 'பாவம், பாவம்'ங்குது."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. "யாரு பாவம்? நானா? அவ இரக்கம் எனக்கு எதுக்கு?"

"தெரியல்ல சின்னம்மா. தான் செஞ்சது பாவம்னு சொல்லுதோ என்னமோ."

"அவகிட்டயே கேளு!"

"கேட்டா சொல்லத் தெரியல்லயே. வலது கை மட்டும் நல்லா இருக்கு. நாங்க எதையாவது கேட்டுக் கையைக் குடுத்தா, ஆமான்னா அமுக்கும், இல்லன்னா விட்டுரும். சோறு வேணுமா, தண்ணி வேணுமா, எல்லாம் அப்படித்தான்." பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, "அத்தை போனதுல இருந்து அம்மாவுக்கு ஆறுதலா பேச ஆளும் இல்ல" என்றாள்.

"எந்த அத்தை?"

மறுபக்கம் அவள் ஏதோ பாத்திரத்தை உருட்டினாள்.

"சாந்தி, எந்த அத்தைடி அங்க வந்தா?"

"அடுப்புல பால் பொங்குது சின்னம்மா" என்று வைத்துவிட்டாள். அவள் அம்மாவின் புத்தி. கதவைப் போட்டுவிட்டாள்.

மலரைக் கூப்பிட்டு நிறுத்தினேன். வலப்பக்கமாக நின்றுதான் கேட்டேன், கேட்கவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாதபடி. அவள் தயங்கவும் இல்லை.

"ஆமாம்மா. தெல்தோட்டைக் கோயிலுக்குன்னு சொல்லிட்டு நானும் அத்தையும் நாவலப்பிட்டிக்குத்தான் போவோம்."

"அப்ப கொண்டு வந்து என் நெத்தியில பூசுன திருநீறு?"

"அது நாவலப்பிட்டிக் கோயில் திருநீறு."

"என் வயித்துல பொறந்துட்டு அவ வாசப்படிய மிதிச்சியா?"

"காது யாரோடதும்மா? என்னோடது. நான் போலாம்னு நெனச்சேன், போனேன். பெரியம்மா என் காதைத் தடவிப் பார்க்கும். அழும். அப்புறம் என்னை முன்னால உக்கார வச்சிட்டு, அத்தையும் அதுவும் உள்ளுக்குப் போய்ப் பேசுவாங்க."

"என்ன பேசுனாங்க?"

"உள்ளுக்குப் பேசுறது எனக்கு எப்படிம்மா கேக்கும்?"

நான் உங்கள் படத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

ஆக, நீங்களும் ஒரு வில்லிதான் மதினி. என் சோற்றைத் தின்றுகொண்டு, என் மகளையும் கூட்டிக்கொண்டு, எனக்குப் பொய் சொல்லிவிட்டு என் எதிரி வீட்டுக்குப் போனீர்கள். இரண்டு நாள் உங்கள் படத்துக்கு நான் விளக்கு வைக்கவில்லை. மூன்றாம் நாள் வைத்தேன், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்தேன். பிறகு உங்கள் வித்தையையே உங்களிடம் காட்டினேன். இந்த வில்லியின் மறைந்த நோக்கம் என்ன என்று உட்கார்ந்து யோசித்தேன்.

அக்கா பேரை என் வீட்டில் எடுக்க முடியாது. நெவ்ரா பேரை எடுக்கலாம். கதவுக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்று பார், காட்டாத இடத்தில்தான் காரணம் இருக்கும் என்று நீங்கள் அலுக்காமல் சொன்னதெல்லாம் நெவ்ராவைப் பற்றித்தானா? அக்கா உங்களிடம் உள்ளறையில் சொன்னதைத்தான் பனியும் குதிரையும் போட்டு எனக்குச் சொன்னீர்களா? அத்தான் அவள் பின்னால் நின்றாரா? சாந்தி அப்போது தொட்டிலில் கிடந்தவள். அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று மிரட்டினாரா? இல்லை, அந்த வீட்டுக்குள் ஏற்கெனவே யாரையாவது ஒளித்து வைத்திருந்தார்களா?

அல்லது உங்களுக்கும் ஒன்றும் தெரியாதா? அக்கா அழுதுகொண்டு மட்டும் இருந்தாளா? பனித்திருடனுக்குக் கதை கட்டிய மாதிரி, பார்க்கப் பொறுக்காமல் அவளுக்கும் நீங்களாக ஒன்றைக் கட்டினீர்களா? உங்களைத்தான் கேட்க வேண்டும், நீங்கள் இல்லை. அவளைக் கேட்க வேண்டும், அவளுக்கு வாய் இல்லை. இப்படி என்னை நடுவில் நிறுத்திவிட்டுப் போக உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

எனக்கும் ஒரு தியரி உண்டு மதினி. குழுவில் நான் சொன்னதே இல்லை. நெவ்ராவுக்கு மறைந்த காரணம் ஒன்றுமே இல்லை. பின்னால் யாரும் நிற்கவில்லை, கத்தியும் இல்லை. பயம். வெறும் பயம். கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. பிறகு காலம் முழுக்க அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாள். உங்கள் தியரிகளில் எல்லாம் வில்லனுக்கு ஒரு பெரிய காரணம் இருக்கும். பயந்தவளை நீங்கள் ஒரு நாளும் கணக்கில் எடுக்கவில்லை. கத்தி இருந்ததென்றால் நான் மன்னித்துவிடலாம். பயம் மட்டும்தான் என்றால் என்ன செய்வது?

போகிறேன் மதினி. ஞாயிற்றுக்கிழமை மலரோடு பஸ் ஏறுகிறேன். காரணம் தெரிந்தால்தான் போவேன் என்ற பேச்சு அந்த அம்போடு போய்விட்டது. காரணம் தெரியாததால் போகிறேன். மன்னிக்கப் போகவில்லை, அதைக் குழுவும் குறித்துக்கொள்ளட்டும். பலகாரமும் கொண்டு போகவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்பேன். முதலில் உங்கள் தியரி: உன் பின்னால் யாராவது நின்றார்களா அக்கா? அத்தானா? பிள்ளையை வைத்து மிரட்டினாரா? எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு, கடைசியில் என்னுடையது.

அவள் ஆம் என்பதும் இல்லை என்பதும் கையில்தான் இருக்கிறதாம். அதைத்தான் இப்போது நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் கையை நான் பிடிக்காமல் அவள் எனக்கு எப்படிப் பதில் சொல்வாள்? மேல் தாழ்ப்பாளைப் போட்ட கை அது. என் கேள்வி முடிகிற வரைக்கும் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டுமே. அவள் அமுக்கினால் நானும் அமுக்கிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்தக் கை என்ன சொன்னாலும், உங்கள் தியரி பொய்த்தாலும் என்னுடையது பொய்த்தாலும், அவள் விடும் மூச்சுக்கு நானாக ஒரு சொல்லைப் போடமாட்டேன். நடந்ததை நடந்தபடி வந்து உங்களிடம் சொல்வேன். அதுவரைக்கும் உங்கள் மேல் உள்ள கோபத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நீங்கள் பொய் சொல்லிப் போன அதே பஸ்ஸுக்குக் காத்திருக்கும்,
உங்கள் நாத்தனார்,
பாக்கியம்